இங்க்ஸ்கேப்பும் நானும்: மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பவளின் அனுபவம்

இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளை, 2020 மே மாதம் அதன் 1.0 பதிப்பு வந்தபோது இறக்கினேன். அன்றிலிருந்து கல்யாணப் பத்திரிகை, தைப்பூசக் காவடி நோட்டீஸ் எல்லாம் இங்க்ஸ்கேப்பில்தான். இலவசம் என்று எடுத்தேன். தமிழ் எழுத்தை உடைக்காது என்பதால் விடவில்லை.

மொரீஷியஸில் இது விசித்திரமான தொழில். பத்திரிகை கேட்டு வருகிறவர்களில் பலருக்குத் தமிழ் படிக்க வராது. வீட்டில் கிரியோல், வெளியே பிரெஞ்சும் ஆங்கிலமும். ஆனாலும் பத்திரிகையில் தமிழ் இருந்தாக வேண்டும், அதுவும் மேலே. இந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் இந்திக்குக் கீழே போனதற்கு 1998-இல் கிளம்பிய எதிர்ப்பில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்ற நாடாயிற்றே!

மூன்று வருடத்துக்கு முன் ஒரு பையன் களத்தில் இறங்கினான். போனிலேயே ரெடிமேட் டிசைன், 400 ரூபாய். நான் கேட்பது 1,500. அந்த ஜனவரியில், காவடி சீசனிலேயே, என் போன் அடிக்கவில்லை. பயந்து 700-க்கு இறங்கினேன். வேலை வந்தது, தூக்கம் போனது.

அப்புறம் ஒரு அம்மா அவன் செய்த பத்திரிகையைக் கொண்டுவந்து காட்டினார். சென்னையிலிருந்து வந்த சம்பந்தி வீட்டார் படித்துவிட்டுச் சிரித்தார்களாம். ‘திருவளர்செல்வன்’ என்ற சொல்லில் கொம்பு ‘ச’வை விட்டு நகர்ந்து ‘ல்’ பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. படிக்கத் தெரியாத கண்ணுக்கு அது வெறும் அலங்காரம். அவனுக்கும் அப்படித்தான், பாவம்.

அன்றே விலையைப் பழையபடி ஏற்றினேன். கூடவே ஒரு வேலையைச் சேர்த்துக்கொண்டேன்: பெயரைத் தமிழுக்குத் திருப்புவது. இங்கே ஆறுமுகம் பதிவேட்டில் ‘ஆர்மூகம்’ ஆகிவிட்டார், கணபதி ‘கனபாடி’. பிரெஞ்சு எழுத்தைப் பார்த்து அப்படியே தட்டினால் தாத்தா பெயரே மாறிவிடும். வீட்டுப் பெரியவருக்குப் போன் போட்டுக் கேட்டு எழுதுகிறேன். இதற்குத் தனிக் கட்டணம். இதுவரை யாரும் பேரம் பேசவில்லை.

சரி, மென்பொருளுக்கு வருகிறேன். அச்சகத்துக்கு அனுப்பும் முன் எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல், ஷிஃப்ட், சி அழுத்தினால் எல்லாம் வெறும் கோட்டு வடிவமாகிவிடும். அங்கே ஃபான்ட் இல்லாவிட்டாலும் கொம்பு நகராது. ஆனால் அதற்குப் பிறகு ஒரு எழுத்தைக்கூடத் தட்டித் திருத்த முடியாது. மூலக் கோப்பின் மேலேயே சேமித்துவிட்டு, முகூர்த்த நேரம் மாறியபோது முழுப் பத்திரிகையையும் மறுபடி தட்டியவள் நான். இப்போது எப்போதும் இரண்டு பிரதி.

நிறம்தான் பெரிய குறை. திரைக்கான ஆர்.ஜி.பி. கணக்கில் வேலை செய்வதால், திரையில் பளிச்சென்ற குங்குமச் சிவப்பு ஆஃப்செட் அச்சில் மங்கிப்போகும். கோப்பை ஸ்க்ரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் திறந்து, நிறங்களை அச்சு மைக்கான சி.எம்.ஒய்.கே. கணக்குக்கு மாற்றி அனுப்புகிறேன். பத்து நிமிட எரிச்சல். பல பக்க மலர் என்றால் முழுக்க ஸ்க்ரைபஸ்தான். இங்க்ஸ்கேப்போடு மல்லுக்கட்ட வேண்டாம்.

அந்தப் பையன் இன்னும் 400-க்குத்தான் செய்கிறான். போன தைப்பூசத்திலிருந்து தமிழ் வரிகளை மட்டும் எனக்கு அனுப்புகிறான். நான் தட்டி, கோட்டு வடிவமாக்கிக் கொடுக்கிறேன். வரிக்கு 25 ரூபாய். காசு மட்டும் மாதக் கடைசியில்தான் வரும், அதுவும் இரண்டு தடவை ஞாபகப்படுத்தினால்.