வேகமெடுக்கும் நுரையீரல் காசநோய்: எந்தப் பரிசோதனை எங்கே கைகொடுக்கும்?

காசநோய் என்றாலே மாதக்கணக்கில் இருமி மெலிவதுதான் நினைவுக்கு வரும். சிலருக்கோ சில வாரங்களிலேயே மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விட்டுவிடும். இப்படி வேகமெடுப்பவற்றில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, சாதாரண நிமோனியா போலவே வரும் காசநோய் நிமோனியா. மற்றொன்று, கிருமி இரத்தத்தில் கலந்து உடலெங்கும் சிதறும் மிலியரி காசநோய். முதலாவதில் கைகொடுக்கும் பரிசோதனை இரண்டாவதில் ஏமாற்றிவிடலாம்.

சளியை நுண்ணோக்கியில் பார்ப்பதையே எடுத்துக்கொள்வோம். ஒரு மில்லிலிட்டர் சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் கண்ணில் படும். நிமோனியா வடிவில் கிருமிகள் மூச்சுக்குழாய்க்குள் ஏராளமாகக் கொட்டுவதால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். மிலியரியில் இருமல் வறண்டிருக்கும், சளியில் கிருமியும் குறைவு. அங்கே ‘நெகட்டிவ்’ என்ற முடிவை நம்பி நோயாளியை வீட்டுக்கு அனுப்புவது ஆபத்தான காரியம்.

கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பர்ட் பரிசோதனை இதைவிடப் பலமடங்கு நுட்பமானது. சுமார் 2 மணி நேரத்தில் கிருமியையும், முக்கியக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அது காட்டும் எதிர்ப்பையும் சேர்த்தே காட்டும். இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் இதைத்தான் கேட்பேன். ஆனாலும் மிலியரியில் இதுவும் தவறவிடும். கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் இன்னும் நுட்பமானது, முடிவுக்குத்தான் வாரக்கணக்காகும். மருந்து எதிர்ப்பை முழுதாக அறிய அது அவசியம், சிகிச்சை தொடங்க அதற்காகக் காத்திருக்க முடியாது.

மிலியரியில் துப்பு தருவது சிடி ஸ்கேன். தொடக்கத்தில் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கலாம். சிடியில் 1 முதல் 3 மில்லிமீட்டர் முடிச்சுகள் தினை இறைத்ததுபோல் தெரியும். பூஞ்சைத் தொற்றும் பரவிய புற்றுநோயும் இதே தோற்றம் தரும் என்பதால் மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்திப் பார்க்கும் பிராங்காஸ்கோப்பி, கல்லீரல் அல்லது எலும்பு மஜ்ஜையிலிருந்து திசு எடுத்துப் பார்க்கும் பயாப்சி தேவைப்படலாம். கண் மருத்துவரிடம் காட்டுவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். விழித்திரைக்குப் பின்னால் காசநோய் முடிச்சு தெரிந்தால் ஊசியே இல்லாமல் வலுவான சான்று கிடைத்துவிடும். எச்ஐவி உள்ளவர்களுக்கு, கிருமியின் உறைப்பொருளைச் சிறுநீரில் தேடும் எல்ஏஎம் பரிசோதனையும் உண்டு.

தோலில் ஊசி போட்டுத் தடிப்பு வருகிறதா என்று பார்க்கும் மாண்டூ இங்கே உதவாது. நோய் முற்றும்போது எதிர்ப்பாற்றல் சோர்ந்து, தோல் பேசாமல் இருந்துவிடும்.

கிருமியைத் தேடும் பரிசோதனையைக் கெடுக்கக்கூடியது லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக். நிமோனியா என்று எண்ணி அதைக் கொடுத்தால் காசநோய்க் கிருமியும் அரைகுறையாக அடங்கும், காய்ச்சல் சில நாள் தணியும், கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம். சந்தேகம் இருந்தால் அதற்கு முன்பே சளி மாதிரியை எடுத்துவிட வேண்டும். மிலியரி என்று வலுவாகத் தோன்றி நோயாளி தளர்ந்துகொண்டிருந்தால், மாதிரிகளை அனுப்பிய கையோடு காசநோய் மருந்தைத் தொடங்கிவிடுவார்கள்.