பெரியப்பாவின் குதிகால் புண்: கொலாஜனா, ஸ்டெம் செல்லா?

கடலூர் முதுநகரில் மீன் ஏலம் விடும் பெரியப்பாவுக்குச் சர்க்கரை. குதிகாலில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் புண், சுற்றிலும் வெள்ளையாகத் தடித்த தோல்.

புண்ணின் மேல் வைக்கும் கொலாஜன் தாள் மாட்டுத் தோலிலிருந்தோ மீன் தோலிலிருந்தோ எடுக்கும் புரதம். அவரைக்கொடிக்குப் பந்தல் போல, புதுச் செல்கள் பற்றி ஏற இடம் தரும். அப்புறம் தானே கரைந்துவிடும்.

ஸ்டெம் செல், அதாவது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல். அதன் வேலை வேறு. அது தோலாக மாறுவதைவிட, வளர்ச்சிக் காரணிகளை (மற்ற செல்களை வளரத் தூண்டும் புரதங்களை) சுரந்து புது ரத்தக்குழாய்களைத் தூண்டுவதே அதிகம். வெறுமனே ஊசியில் போட்டால் பல செல்கள் சீக்கிரம் செத்துவிடும். அதனால்தான் ஜெல்லில் பொதிந்து வைத்துப் பார்க்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல்படி புண்ணுக்கு ஸ்டெம் செல் இன்னும் ஆய்வுதான். அதற்குக் காசு கேட்டால் கிளம்பிவிடுங்கள்.

இப்போதைக்கு நான் கொலாஜன் பக்கம். அதுவும் செத்த தோலை அகற்றி, காலில் ரத்த ஓட்டம் பார்த்து, குதிகாலில் பாரம் விழாமல் செய்த பிறகுதான்.