அப்பாவின் மூக்கும் மாத்திரை அட்டையும்

டொராண்டோவில் குளிர்காலம் வந்தால் ஹீட்டர் காற்றில் மூக்கு காய்ந்து என் மகனுக்குத்தான் ரத்தம் வரும். ஊருக்குப் போன இடத்தில் அப்பாவுக்கு வந்தது. பாளையங்கோட்டை, மே மாதம், இரவு பத்தரை மணி. பனியன் முழுக்கச் சிவப்பு.

"சில்லுமூக்கு உடைஞ்சிருக்கு. அண்ணாந்து உக்காருண்ணே, எல்லாம் சூடுதான்" என்று அத்தை தலையைப் பின்னால் சாய்த்துவிட்டார். ரத்தம் தொண்டை வழியே வயிற்றுக்குப் போய், கொஞ்ச நேரத்தில் கருஞ்சிவப்பாக வாந்தி. நான் ஆடிப்போய் 108-ஐ அழைத்தேன்.

இருபது நிமிடத்தில் வண்டி வந்தது. மருத்துவ உதவியாளருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அப்பாவை முன்னால் குனியவைத்து, மூக்கெலும்புக்குக் கீழே மெத்தென்று இருக்கும் பகுதியை இரு விரலால் அழுத்திப் பிடித்தார். வாயால் மூச்சு விடச் சொன்னார். பத்து நிமிடம் கையை எடுக்கவே இல்லை. நாங்களோ அதுவரை அரை நிமிடத்துக்கு ஒருதரம் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிரஷர் 180/100.

தனியார் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்று அடம்பிடித்தது நான், வெளிநாட்டுப் புத்தி. அங்கே முதலில் முன்பணம், அப்புறம் மூக்கில் துணி அடைப்பு, தலைக்கு ஸ்கேன், ஐசியூவில் ஒரு நாள். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்துத் துணியை எடுத்ததும் மறுபடி ரத்தம்.

அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான். பையைக் கவிழ்த்தேன். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தபோது எழுதிய, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் கலந்த மாத்திரை ஒன்று. சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டர் தனியாக எழுதிய ஆஸ்பிரின் இன்னொன்று. அட்டையில் பெயர்தான் வேறு. அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுத்த பிரஷர் மாத்திரைகளோ பிரிக்காமல் அலமாரியில் கிடந்தன. "நார்மலாத்தானே இருந்துச்சு" என்றார் அப்பா.

மூக்கின் நடுச்சுவரில் முன்பக்கம் ரத்தக்குழாய்கள் கூடும் இடத்தில்தான் கசிவு; பெரும்பாலானவர்களுக்கு அங்கேதான் வருமாம். சில்வர் நைட்ரேட் குச்சியால் தொட்டதும் நின்றது. வயதானவர்களுக்குப் பின்பக்கம் உடைந்தால் லேசில் நிற்காது என்பதால் உள்ளேயும் குழாய் விட்டுப் பார்த்தார். "பிரஷர்தான் மூக்கை உடைக்குதுன்னு சொல்ல முடியாது. ஆனா உடைஞ்சா நிக்க விடாது" என்றார். காய்ச்சலோடு வந்தால் டெங்குவா என்று பார்க்க வேண்டும். கல்லீரல் கெட்டிருந்தாலும் ரத்தம் உறைவதில் குறை இருந்தாலும் வரும். குடும்பத்தில் பலருக்கு அடிக்கடி வந்தால் பரம்பரை ரத்தக்குழாய்க் கோளாறாக இருக்கலாம். இதய மருத்துவரிடம் போனில் பேசிவிட்டுத் தனி ஆஸ்பிரினை மட்டும் நிறுத்தினார். ஸ்டென்ட் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்று இரண்டு தரம் சொன்னார்.

செலவு, வெளியில் வாங்கிய மூக்குக் களிம்பு மட்டும்.

அத்தை இன்னும் சூடு என்றுதான் சொல்கிறார். காலையில் ஊறவைத்த வெந்தயத்தோடு பிரஷர் மாத்திரையையும் அவரே எண்ணிக் கொடுப்பதால் நான் மறுத்துப் பேசவில்லை.