ஈபேர்ட் செயலி: இருப்பிடத்தை மறைக்கும் வசதி

பார்த்த பறவைகளைப் பட்டியலாகப் பதிவிட கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002 முதல் நடத்திவரும் ஈபேர்டில் நான் பெரிதும் மதிப்பது, வேட்டை ஆபத்துள்ள பறவைகளின் இருப்பிடத்தை மறைக்கும் ஏற்பாடு. போர்னியோ, சுமத்திராக் காடுகளில் வாழும் தலைக்கவச இருவாச்சியை எடுத்துக்கொள்வோம். அதன் அலகின்மேல் உள்ள கெட்டியான கொண்டையைச் செதுக்குவேலைக்காகக் கடத்துகிறார்கள். பெட்டையோ மரப்பொந்தின் வாயை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உள்ளேயே இருக்க, சிறு பிளவு வழியாக ஆண் ஊட்டும் இரையை நம்பித்தான் குஞ்சும் அதுவும் உயிர்வாழ்கின்றன. அந்த ஒரு மரம் எதுவென்று தெரிந்துவிட்டால் குடும்பமே அழிந்துவிடும். எனவே இதைக் கண்டதாக நாம் பதிவிட்டால், பொதுவில் துல்லியமான இடம் வெளியாவதில்லை. வரைபடத்தில் பரந்த கட்டம் ஒன்றுதான் தெரியும். நம் சொந்தப் பட்டியலில் முழு விவரமும் இருக்கும்.

குறை உண்டு. இந்தக் காப்பு, ஆபத்துள்ளவை என்று ஈபேர்ட் குறித்துவைத்த இனங்களுக்கு மட்டுமே. மற்றப் பறவைகளின் கூடு இருக்கும் இடத்தைக் குறிப்பில் எழுதினால் அது அப்படியே வெளிவரும். நாம் பதிவிட்ட முழுப் பட்டியலையும் பொதுப் பார்வையிலிருந்து மறைக்கும் வழி இருந்தாலும், புதியவர்கள் கண்ணில் அது எளிதில் படுவதில்லை. அதே ஆய்வகத்தின், பறவைகளை அடையாளம் காண உதவும் மெர்லின் செயலியில் உள்ள குரல்பதிவுகளை இனப்பெருக்கக் காலத்தில் ஒலிபெருக்கியில் போட்டுப் பறவையை வரவழைப்பவர்களைப் பார்க்கும்போது மனம் கொதிக்கிறது. எல்லைக்காகப் போராட வரும் ஆண் பறவை அந்நேரம் இரை தேடுவதை விட்டுவிடுகிறது. ஈபேர்டில் கூடு குறித்த பதிவைச் சேமிக்கும்போதே ஓர் எச்சரிக்கை திரையில் தோன்றும்படி செய்தால் நன்றாயிருக்கும். இலவசச் செயலி, தயங்காமல் பரிந்துரைப்பேன்.