1/72 டாங்கி: ரெவெல் லெப்பர்டா, டிராகன் ஆப்ராம்ஸா?

நவீன டாங்கி ஒன்றைப் பிளாஸ்டிக் மாடலாகச் சின்ன ஸ்கேலில் கட்டலாம் என்று இறங்கியபோது கடைசிவரை என்னை இழுத்தடித்தவை இரண்டு மாடல் கம்பெனிகளின் கிட் பெட்டிகள். ஒன்று ரெவெலின் லெப்பர்ட் 2ஏ6 (ஜெர்மன் டாங்கி), இன்னொன்று டிராகனின் எம்1ஏ2 ஆப்ராம்ஸ் (அமெரிக்க டாங்கி). நான் எடுத்தது லெப்பர்ட். ஆப்ராம்ஸையும் கட்டியிருக்கிறேன், ஆனால் அது நண்பர் ஒருவருக்காக. முடித்த கையோடு அவர் வீட்டுக்குப் போய்விட்டது. அதனால் இந்த அலசல் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

ஏன் 1/72, அதாவது அசலில் 72இல் ஒரு பங்கு அளவு? இடம்தான் காரணம். பீரங்கிக் குழாயையும் சேர்த்தால் அசல் லெப்பர்ட் 2ஏ6 கிட்டத்தட்ட 11 மீட்டர் நீளம். 1/35 ஸ்கேலில் அது 31 செ.மீ. ஆகிறது, 1/72இல் 15 செ.மீ.தான். ஆப்ராம்ஸ் இன்னும் ஒன்றரை செ.மீ. குட்டை. ஒரே புத்தக அலமாரித் தட்டில் ஐந்தாறு டாங்கி நிறுத்திவிடலாம்.

இரண்டிலும் இருப்பது ரைன்மெட்டால் வடிவமைத்த 120 மி.மீ. பீரங்கிதான். ஆனால் ஆப்ராம்ஸில் எல்/44, லெப்பர்ட் 2ஏ6இல் எல்/55. அந்த எண்ணை 120 மி.மீட்டரால் பெருக்கினால் குழாயின் நீளம் வந்துவிடும்: 5.28 மீட்டர், 6.6 மீட்டர். மாடலில் அது 73 மி.மீ., 92 மி.மீ. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இந்த இரண்டு செ.மீ. வித்தியாசம்தான் முதலில் கண்ணில் படும். அந்த நீண்ட மூக்கும், டரட்டின் (பீரங்கியைத் தாங்கிச் சுழலும் மேல்கூடு) முன்னால் அம்புமுனை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் கவசமும் இல்லாவிட்டால் எனக்கு லெப்பர்ட் மேல் இவ்வளவு ஆசை வந்திருக்காது.

பாகங்களின் நேர்த்தி, பொருத்தம், டிக்கால் (எண், சின்னங்களுக்கான ஒட்டுப்படம்) என்று பார்த்தால் இரண்டுமே நல்ல கிட்கள். அதில் பெரிதாகச் சண்டை போட எதுவுமில்லை. அசல் வண்டிகளின் மேல்தளத்தில் கால் வழுக்காமலிருக்க மணல்போன்ற சொரசொரப்புப் பூச்சு இருக்கும். அதை மாடலிலும் கொண்டுவர வேண்டும் என்று சிலர் மெனக்கெடுகிறார்கள். ஒரு மில்லிமீட்டர் மணல்பருக்கை 1/72இல் ஒரு மில்லிமீட்டரில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. அதைக் கண்ணால் பார்க்கவே முடியாது. விட்டுவிடுங்கள்.

பெயின்ட் விஷயத்தில் ஆப்ராம்ஸ் சுலபமாக ஜெயிக்கிறது. பாலைவன மணல் நிறம் ஒன்றை அடித்து, ஓரங்களில் கொஞ்சம் வாஷ் (நீர்க்கக் கரைத்த அடர்நிற பெயின்ட்) விட்டு, தூசி நிறத்தை மெல்லத் தட்டினால் வேலை முடிந்தது. லெப்பர்ட்டுக்கு ஜெர்மன் ராணுவத்தின் மூன்று நிறங்கள் வேண்டும்: ஆர்ஏஎல் என்ற நிறக் குறியீட்டு வரிசையில் 6031 பச்சை, 8027 பழுப்பு, 9021 கறுப்பு. ரெவெலின் குறிப்புத்தாள் தன் சொந்த பெயின்ட் எண்களில்தான் பேசும். இந்த ஆர்ஏஎல் எண்களைக் கையில் வைத்துக்கொண்டால் எந்தக் கம்பெனி பெயின்டிலும் தேடிக்கொள்ளலாம். ஏர்பிரஷ் இல்லாதவர்கள் பச்சையை முழுக்க அடித்துவிட்டு, மற்ற இரண்டையும் தண்ணீராகக் கரைத்து இரண்டு மூன்று பூச்சாகப் பிரஷ்ஷில் போடலாம். இந்த ஸ்கேலில் நிற எல்லை கொஞ்சம் கூர்மையாக இருப்பதுதான் நன்றாகவும் இருக்கிறது.

சரி, பெயின்டில் தோற்ற லெப்பர்ட்டை ஏன் எடுத்தேன்? டிராக்குக்காக. சக்கரங்களைச் சுற்றி ஓடும் அந்தச் சங்கிலிக்காக.

சின்ன ஸ்கேல் டாங்கிகளில் டிராக் இரண்டு விதமாக வருகிறது. ஒன்று, ரப்பர் வளையம் மாதிரி ஒரே துண்டாக வரும் மிருதுவான டிராக். இன்னொன்று, மற்ற பாகங்கள் வார்த்த அதே கெட்டி பிளாஸ்டிக்கில் வரும் டிராக். மேலும் கீழும் நேராக ஓடும் பகுதிகள் நீளத் துண்டுகள், முன்னும் பின்னும் வளையும் இடத்துக்குத் தனித்தனிக் கண்ணிகள். ரெவெல் லெப்பர்ட் இரண்டாவது வகை. டிராகன் ஆப்ராம்ஸ் முதல் வகை, அதிலும் மேம்பட்ட ரகம்: டிஎஸ் என்று அவர்கள் சொல்லும் பொருள். சாதாரண மாடல் பசையே அதில் பிடிக்கும், பெயின்டும் ஒட்டும்.

கெட்டி டிராக்கை விரும்புகிறவர்கள் சொல்லும் வழக்கமான காரணம், சங்கிலி தன் எடையால் தொய்ந்து நிற்பதை அதில் காட்டலாம் என்பது. இரண்டாம் உலகப் போர் டாங்கிகளுக்கு அது சரி. லெப்பர்ட் 2க்கோ ஆப்ராம்ஸுக்கோ அந்தக் காரணம் நிற்காது. இரண்டிலும் கண்ணிகள் ரப்பர் புஷ் வைத்து இணைக்கப்பட்டு இறுக்கமாக ஓடுகின்றன. போதாததற்கு மேல்பகுதியைப் பக்கக் கவசம் மூடிவிடுகிறது. தொய்வைச் செய்தாலும் பார்க்க ஆளில்லை.

என் காரணம் வேறு: பல வருஷம் கழித்து அந்த மாடல் எப்படி இருக்கும் என்பது. மிருதுவான வினைல் டிராக்கை வளையவைப்பது அதில் கலந்திருக்கும் ஒருவித எண்ணெய்த்தன்மையுள்ள ரசாயனம். காலப்போக்கில் அது மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை இளக்கும். வெயில் காலத்தில் மூடிய அறைக்குள் இது இன்னும் வேகமாக நடக்கும். என்னிடம் இருந்த ஒரு பழைய கிட்டில் (பெயர் வேண்டாம்) சக்கரங்களின் விளிம்பில் டிராக்கின் பல் பதிந்து, தொட்டால் பிசுபிசுத்தது. டிராக்கைப் பிரித்தபோது சக்கரத்தின் ஒரு சில்லும் கூடவே வந்தது. அந்த இடத்தைச் சரிசெய்ய வழியே இல்லை.

அது நடக்காவிட்டாலும் இழுவை இருக்கிறது. வளையம் கொஞ்சம் குட்டையாக இருந்தால் முதல் சக்கரத்தையும் கடைசிச் சக்கரத்தையும் நாள்பூராவும் இழுத்துக்கொண்டே இருக்கும். அச்சு ஒருநாள் விட்டுக்கொடுக்கும். பெயின்டும் வளைவுகளில் செதில் செதிலாக உதிரும். கெட்டி டிராக்கில் இந்த மூன்று தொல்லையும் கிடையாது. சக்கரமும் டிராக்கும் ஒரே பிளாஸ்டிக், ஒட்டினால் ஒன்றாகிவிடும், அப்புறம் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

கட்டும்போது பொறுமை வேண்டும், உண்மைதான். நகத்தின் பாதி அளவுகூட இல்லாத கண்ணிகளை ஸ்ப்ரூவிலிருந்து (பாகங்கள் ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டம்) வெட்டி, வெட்டிய தழும்பைத் தேய்த்து, வரிசையாக ஒட்ட வேண்டும். நான் செய்யும் முறை இது: ஏழு சக்கரங்களையும் பின்னால் இருக்கும் பல்சக்கரத்தையும் உடலில் ஒட்டாமல் சும்மா செருகி வைப்பேன். கண்ணிகளை ஒரு டேப்பின் மேல் அடுக்கி, மெல்லிய பசையை இணைப்புகளில் தொட்டுவிட்டு, பசை பாதி இறுகும்வரை காத்திருந்து, அந்த வரிசையைப் பல்சக்கரத்தின் மேல் வளைத்து அழுத்துவேன். முழுதாக இறுகிவிட்டால் வளையாது, ஈரமாக இருந்தால் கலைந்துவிடும். அந்த நடுப்பதம்தான் விஷயம். ராத்திரி முழுக்க விட்டால் காலையில் சக்கரங்களும் டிராக்கும் ஒரே சட்டமாகக் கழன்று வரும். தனியாக பெயின்ட் அடித்துவிட்டு மறுபடி மாட்டலாம். கடைசியில் ஒரு கண்ணி குறைந்தால் அந்த இடைவெளியை மேலே, பக்கக் கவசத்துக்குப் பின்னால் தள்ளிவிடுங்கள். யாருக்கும் தெரியாது.

லெப்பர்ட்டுக்குப் பராமரிப்பில் ஒரு குறை உண்டு, அந்த 92 மி.மீ. குழாய். தூசி தட்டும்போது கை முதலில் இடிப்பது அதில்தான். மேக்கப் பிரஷ் ஒன்றை வைத்துக்கொண்டு டரட்டிலிருந்து குழாய் முனையை நோக்கி ஒரே திசையில் தட்டினால் தப்பிக்கலாம்.

ஆப்ராம்ஸுக்கும் நியாயம் சொல்ல வேண்டும். ஒரு வார இறுதிக்குள் முடிக்க வேண்டும், அல்லது பள்ளிக்கூடப் பையனோடு உட்கார்ந்து கட்ட வேண்டும் என்றால் அதைத்தான் சொல்வேன். டிராக்கை மாட்ட ஐந்து நிமிஷம் போதும். டிஎஸ் பொருள் பழைய வினைலைவிட எவ்வளவோ மேல். ஆனால் பத்து வருஷம் அலமாரியில் வைத்துப் பார்த்த அனுபவம் எனக்கு இல்லை, நண்பர் வீட்டில் இதுவரை நன்றாகத்தான் இருக்கிறது. பாதுகாப்புக்கு, மாட்டுவதற்கு முன் சக்கர விளிம்புகளில் நல்ல பிரைமர் பூச்சு ஒன்று கொடுத்துவிடுங்கள்.

இரண்டும் வேண்டாம், ஆவடியில் தயாராகும் டி-90 பீஷ்மாதான் வேண்டும் என்பவர்களும் இருப்பார்கள். 1/72இல் டி-90 கிட்களும் உண்டு. எதை வாங்கினாலும் ஸ்ப்ரூ படத்தை முதலில் பாருங்கள். டிராக் மற்ற பாகங்களோடு அதே சட்டத்தில், அதே நிறத்தில் இருந்தால் கெட்டி வகை. இரண்டு பட்டைகளாகத் தனிப் பையில் கிடந்தால் மிருதுவான வகை.