மெக்ரஃப் நாயா, பிப்போ குன்னா?

மலேசியாவில் சுங்கை சிப்பூட் பக்கம் எங்கள் தோட்டத்துப் பாலர் பள்ளியில் பாதுகாப்புப் பாடத்துக்கு ஒரு கார்ட்டூன் தேடியபோது இரண்டு பேர்தான் மனதில் நின்றார்கள். ஒன்று, அமெரிக்காவில் 1980இல் வந்த மெக்ரஃப், மழைக்கோட்டு போட்ட துப்பறியும் நாய். இன்னொன்று டோக்கியோ போலீசின் அடையாளப் பொம்மையாக 1987இல் வந்த பிப்போ குன்.

பிப்போ அழகு. மக்கள் குரலைக் கேட்கப் பெரிய காது, மூலைமுடுக்கெல்லாம் பார்க்கப் பெரிய கண், ஊர் நடப்பை அறியத் தலையில் ஆன்டெனா. ஐந்து வயதுப் பிள்ளை போலீசைக் கண்டு மிரளாமல் இருக்க இது போதும். ஆனால் பயம் வந்தால் எங்கே ஓடுவது என்று அந்தக் காதும் கண்ணும் சொல்லாது.

மெக்ரஃப் அங்கேதான் ஜெயிக்கிறது. அதன் படம் ஒட்டிய வீட்டுக் கதவைப் பயந்த பிள்ளை தட்டலாம் என்று அமெரிக்காவில் ஓர் ஏற்பாடே இருந்தது, அந்த வீட்டுக்காரர்களைப் பற்றி முன்பே விசாரித்தும் வைத்திருப்பார்கள். செம்பனைக்குள் ஒற்றையடிப் பாதையில் நடந்து வரும் நம் பிள்ளைகளுக்கு வேண்டியது இதுதான். போன வாரம் வகுப்பில் கேட்டேன், "யாராவது பின்னாலேயே வந்தா எங்கம்மா ஓடுவ?" ஒரு குட்டிப் பெண் யோசிக்கவே இல்லை. "லயத்துல முதல் வீட்டுப் பாட்டிகிட்ட, டீச்சர்" என்றாள், அப்புறம் அவசர எண் 999ஐ விரலால் காற்றில் எழுதிக் காட்டினாள்.

சரி, சுவரில் மெக்ரஃப். பிப்போவைப் பெயர்ப்பட்டைகளில் வரைந்துகொள்ளலாம்.