ஐடிடபிள்யூவா, கிரிகிங்கா? 155 மண் மாதிரிகளை வைத்து ஒரு அலசல்

வரைபட மென்பொருளில் இடைக்கணிப்பு (அளந்த புள்ளிகளை வைத்து அளக்காத இடங்களின் மதிப்பைக் கணிப்பது) என்று தேடினால் ஐடிடபிள்யூ, டின், ஸ்ப்லைன், கிரிகிங் என்று நாலைந்து பெயர்கள் வரிசையாக நிற்கும். எதை எடுத்தாலும் பளிச்சென்று ஒரு வண்ணப்படம் வந்துவிடும். சிக்கலே அதுதான். தவறான முறையைத் தேர்ந்தெடுத்தாலும் படம் அழகாகத்தான் இருக்கும்.

ஒப்பிடுவதற்கு நெதர்லாந்தின் மியூஸ் ஆற்றுத் தரவை எடுத்துக்கொள்கிறேன். ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியின் எஸ்பி தொகுப்போடு இலவசமாகவே வருவதால், இந்த வேலை பழகுபவர்கள் பெரும்பாலும் இதில்தான் கை வைப்பார்கள். ஸ்டைன் என்ற ஊருக்கருகே, ஆற்றின் வெள்ளச் சமவெளியில் 155 இடங்களில் மேல்மண் எடுத்துத் துத்தநாகம், ஈயம், காட்மியம், செம்பு ஆகியவற்றை அளந்திருக்கிறார்கள். துத்தநாகத்தை மட்டும் பார்ப்போம். ஒரு கிலோ மண்ணில் 113 மில்லிகிராமிலிருந்து 1839 வரை போகிறது. வெள்ளத்தோடு வந்த மாசு வண்டல் கரையோரத்திலும் தாழ்வான இடங்களிலும் படிந்ததன் விளைவு இது. அந்தப் பகுதியை 40 மீட்டர் சதுரங்களாக வெட்டினால் 3103 கட்டங்கள். கையில் இருப்பது 155 அளவு. சொல்ல வேண்டியது 3103 மதிப்பு.

ஐடிடபிள்யூ, அதாவது தலைகீழ் தூர எடை முறையின் கணக்கு எளிது. பக்கத்தில் இருக்கும் புள்ளிக்கு அதிக எடை, தள்ளி இருப்பதற்குக் குறைந்த எடை. எடை என்பது தூரத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதம். 1968-இல் டொனால்ட் ஷெப்பர்ட் வெளியிட்ட முறை; இன்றும் பெரும்பாலான மென்பொருட்களில் அடுக்கு 2 என்றே தொடங்கும். ஏன் 2, ஏன் 1.5 இல்லை என்று கேட்டால் தரவிலிருந்து பதில் வராது. அது வழக்கம், அவ்வளவுதான்.

கிரிகிங்கும் எடை போட்டுக் கூட்டுவதுதான். ஆனால் எடையைத் தரவிடமே கேட்டு முடிவு செய்கிறது. தென்னாப்பிரிக்கச் சுரங்கப் பொறியாளர் டேனி கிரிக், தங்கத் தாதுவின் தரத்தைக் கணிக்க 1951-இல் செய்த ஆய்வில் இதன் வேர் இருக்கிறது. பின்னர் பிரான்சின் ஜார்ஜ் மாத்தரான் அதற்குக் கணித வடிவம் கொடுத்து, கிரிக்கின் பெயரையே சூட்டினார்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம். மதிப்பு தெரியாத ஓர் இடம். அதற்கு மேற்கே 100 மீட்டரில் இரண்டு மாதிரிகள், ஒன்றுக்கொன்று 10 மீட்டர் தள்ளி, இரண்டும் 200. கிழக்கே 100 மீட்டரில் ஒரே மாதிரி, அது 800. ஐடிடபிள்யூவைப் பொறுத்தவரை மூன்றும் சம தூரம், ஆகவே சம எடை. விடை 400. கிரிகிங்கில், வேரியோகிராமை (தூரம் கூடக் கூட மதிப்புகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று காட்டும் வளைவு) பூஜ்யத்தில் தொடங்கும் நேர்கோடாக வைத்துக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 496 வருகிறது. பஞ்சாயத்தில் ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்து ஒரே சாட்சியைச் சொன்னால் அதை ஒன்றரை சாட்சியாகக்கூட எண்ண மாட்டார்கள் அல்லவா, அந்த மாதிரி. மாதிரிகள் எங்கும் சீராகக் கிடைப்பதில்லை. சாலையோரமாக, போக வசதியான இடமாகப் பார்த்துத்தான் குவிந்திருக்கும். அதனால் இந்த ஒரு குணத்துக்காகவே கிரிகிங் பக்கம் சாய்வேன்.

ஐடிடபிள்யூவுக்கு இன்னொரு வியாதி, முட்டை வட்டங்கள். ஒவ்வொரு மாதிரியைச் சுற்றியும் கோழிமுட்டை வைத்ததுபோல வளையம் விழும். நிலத்தடி நீர் வரைபடங்களில் கிணறு எங்கே இருக்கிறது என்று தனியாகக் குறிக்கத் தேவையே இருக்காது. ஆனால் அதன் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. விடை ஒருபோதும் 113-க்குக் கீழே, 1839-க்கு மேலே போகாது. கிரிகிங்கில் சில எடைகள் எதிர்மறையாக வரலாம் என்பதால் அந்த உத்தரவாதம் இல்லை.

டின்னும் ஸ்ப்லைனும் இந்த வேலைக்கு எனக்கு ஒத்துவரவில்லை. டின் புள்ளிகளை முக்கோணங்களாக இணைத்துச் சாய்தளம் போடும். மேட்டுப்பள்ளம் அளந்த தரவுக்கு நல்லது, ஆனால் ஓரப் புள்ளிகளுக்கு வெளியே வெறுமை. ஸ்ப்லைன் வழுவழுப்பான படம் தரும். கரையோரத்தில் மதிப்பு சட்டென்று இறங்கும் இடத்தில் அது பூஜ்யத்துக்குக் கீழேயும் போய்விடக்கூடும். மைனஸ் துத்தநாகத்தை யாரிடம் போய் விளக்குவது?

சரி, கிரிகிங்தான் என்று முடிவானால் வேரியோகிராம் வேண்டும். 155 புள்ளிகளில் 11,935 ஜோடிகள் இருக்கின்றன. ஒவ்வொரு ஜோடிக்கும் மதிப்பு வித்தியாசத்தின் வர்க்கத்தில் பாதியை எடுத்து, தூரவாரியாகச் சராசரி போட வேண்டும். துத்தநாகத்தின் லாகரிதத்துக்கு இதைச் செய்தால் சுமார் 79 மீட்டரில் 0.12, 373 மீட்டரில் 0.41, 796 மீட்டரில் 0.62 என்று ஏறி, அப்புறம் மட்டமாகிறது. இதற்குக் கோளச் சூத்திரம் (ஸ்ஃபெரிக்கல் மாடல்) ஒன்றைப் பொருத்தினால் ரேஞ்ச், அதாவது வளைவு மட்டமாகும் தூரம், 897 மீட்டர்; சில், அதாவது மட்டமாகும் உயரம், மொத்தம் 0.64; அதில் நக்கெட், அதாவது பூஜ்ய தூரத்திலேயே இருக்கும் உயரம், 0.05. அதாவது 900 மீட்டருக்கு அப்பால் இருக்கும் மண்ணுக்கும் இந்த மண்ணுக்கும் உறவு முடிந்தது. நக்கெட் என்றால் தங்கக் கட்டி. அடுத்தடுத்து எடுத்த இரண்டு மாதிரிகளில் ஒன்றில் மட்டும் கட்டி சிக்கினால் வரும் வித்தியாசம் என்ற சுரங்கப் பேச்சு அப்படியே நின்றுவிட்டது. மியூஸில் அது குறைவாக இருப்பதில் வியப்பில்லை; ஒவ்வொரு மாதிரியும் சுமார் 15 மீட்டர் சதுரப் பரப்பிலிருந்து திரட்டிக் கலந்த மண்.

திசையையும் சேர்க்கலாம். இங்கே வடகிழக்காக உறவு நீளமாகவும் அதற்குக் குறுக்கே குட்டையாகவும் இருக்கிறது. 1200 மீட்டருக்கு 480 என்று வைப்பது வழக்கம். ஆறு ஓடும் திசை அது. சாதாரண ஐடிடபிள்யூவுக்கு எல்லாத் திசையும் ஒன்றுதான்.

மென்பொருளுக்கு வருவோம். சர்ஃபரில் கிரிகிங்தான் இயல்பு முறை. ஆனால் கை வைக்காமல் விட்டால் நேர்கோட்டு வேரியோகிராமில் ஓடும், உங்கள் தரவின் வேரியோகிராமில் இல்லை. படம் சுமாராக வரும். பிழைக் கணக்குக்கு மட்டும் பொருள் இருக்காது. க்யூஜிஐஎஸ்ஸில் ஐடிடபிள்யூவும் டின்னும் கூடவே வரும். கிரிகிங்குக்கு சாகா அல்லது ஸ்மார்ட்-மேப் செருகியைச் சேர்க்க வேண்டும். ஆர்க்ஜிஐஎஸ்ஸில் ஜியோஸ்டாட்டிஸ்டிகல் அனலிஸ்ட் என்ற கூடுதல் தொகுப்பு உண்டு. அதில் எம்பிரிக்கல் பேயீசியன் கிரிகிங், தரவைச் சுமார் நூறு புள்ளிகள் கொண்ட கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பல வேரியோகிராம்களைத் தானே உருவாக்கிப் பார்க்கும். அவசரத்துக்கு அது நல்ல துணை. எனக்குப் பிடித்தது ஆரில் உள்ள ஜிஸ்டாட்; வேரியோகிராமைக் கண்ணால் பார்க்காமல் அதில் தாண்டிப் போவது கடினம்.

எதில் ஓட்டினாலும் மீட்டரில் ஓட்டுங்கள். அட்சரேகை, தீர்க்கரேகை டிகிரியை அப்படியே கொடுத்தால், ஸ்டைன் இருக்கும் 51 டிகிரி அட்சரேகையில் ஒரு டிகிரி கிழக்கு மேற்காக 70 கிலோமீட்டர், வடக்கு தெற்காக 111. வட்டம் முட்டையாகிவிடும். தமிழ்நாட்டில் இந்தக் கோணல் ஓரிரு சதவீதம்தான் என்பதால் கண்ணுக்குப் படாமல் தப்பிவிடுகிறது. ஆனால் ரேஞ்ச் 0.008 என்று வந்து நிற்கும்போது அது எத்தனை மீட்டர் என்று தலையைச் சொறிய வேண்டியிருக்கும்.

கிரிகிங்கை வாங்க வைக்கும் சரக்கு, கூடவே வரும் பிழை வரைபடம். அதில் பலர் ஏமாறுவதையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பிழை, புள்ளிகள் எங்கே இருக்கின்றன என்பதையும் வேரியோகிராமையும் மட்டுமே பொறுத்தது. அளந்த மதிப்பு 200-ஆ 1800-ஆ என்று அது பார்ப்பதே இல்லை. அடுத்த மாதிரியை எங்கே எடுக்கலாம் என்று முடிவு செய்ய அருமையான படம், அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம். இன்னொன்று: லாகரிதத்தில் கணித்ததை நேரடியாகத் திருப்பினால் கிடைப்பது நடுமதிப்பு, சராசரி இல்லை. இந்தத் தரவில் சராசரி 470, நடுமதிப்பு 326 என்னும்போது அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் மியூஸில் பெரிய லாபம் ஐடிடபிள்யூவை விட்டுக் கிரிகிங்குக்கு மாறுவதில் இல்லை. மேலே சொன்ன எந்த முறைக்கும் அங்கே ஓர் ஆறு இருப்பதே தெரியாது. ஆற்றிலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கமூலத்தை வைத்து முதலில் ஒரு நேர்கோடு போட்டு, மிச்சத்துக்கு மட்டும் வேரியோகிராம் எடுத்தால் சில் 0.64-லிருந்து சுமார் 0.23-க்கு இறங்கிவிடுகிறது. அந்த மிச்சத்தைக் கிரிகிங் செய்து கோட்டோடு கூட்டினால், புள்ளியே இல்லாத இடத்திலும் மாசு கரையை ஒட்டியே வளைந்து போவது படத்தில் தெரியும்.